நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம்: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று பலரைக் கூட்டிச் சென்றிருக்கிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவரவர் கேட்ட சொற்களிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ரோமிலேயே இத்தனை அருங்காட்சியகங்கள் இருக்கும்போது நேப்பிள்ஸுக்கு எதற்காகப் போக வேண்டும்?

இரண்டு காரணங்கள் உண்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த பொம்பெயி, ஹெர்குலேனியம், ஸ்டாபியே ஆகிய ஊர்களிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு முதல் தோண்டி எடுக்கப்பட்ட ஓவியங்கள், மொசைக்குகள் (சிறு கற்களை அடுக்கிப் பதித்த படங்கள்), வெண்கலச் சிலைகள், வீட்டுப் பொருட்கள் ஆகியவற்றில் சிறந்தவை பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. அடுத்தது, ரோமில் ஃபர்னேசே குடும்பம் திரட்டி வைத்திருந்த மாபெரும் பளிங்குச் சிலைத் தொகுப்பு.

கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைப்படைக்கான கொட்டடியாகத் தொடங்கிய அது, 1616 முதல் 1777 வரை பல்கலைக்கழகமாக இருந்து, அதன் பிறகே அருங்காட்சியகமாக மாறியது. இங்கிருந்த பிற்கால ஓவியத் தொகுப்பு 1957-இல் கபோதிமோந்தே அரண்மனைக்குப் போய்விட்டதால் இப்போது இது முழுக்கத் தொல்லியலுக்கே உரிய இடமாக இருக்கிறது.

எந்த நாளில் போகலாம்? டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊரிலிருந்து வந்த மாமாவை ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டித் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. தவறு முழுவதும் என்னுடையது. மற்ற நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 7.30 வரை திறந்திருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அனுமதி இலவசம் என்பதால் அன்று கூட்டம் அலைமோதும். பணம் மிச்சமாகும், ஆனால் எந்தச் சிலையின் முன்னாலும் நிம்மதியாக நிற்க முடியாது.

18 வயது நிறையாதவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், அனுமதி இலவசம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சாதாரண நாட்களில் நேரில் போயும் டிக்கெட் எடுக்கலாம். பணியாளர் பற்றாக்குறையாலோ சீரமைப்பாலோ சில பிரிவுகள் மூடியிருப்பது இங்கே வழக்கமான செய்தி என்பதால், போகும் நாளின் நிலவரத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது அதைவிட முக்கியம்.

ரயில் நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

மெட்ரோ முதலாம் வழித்தடத்தில் 'மூசேயோ' நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகம் எதிரிலேயே இருக்கிறது. இரண்டாம் வழித்தடத்தில் வருபவர்கள் 'கவூர்' நிலையத்தில் இறங்கலாம். மூசேயோ நிலையத்துக்குள்ளேயே 'ஃபர்னேசே ஹெர்குலிஸ்' என்ற மாபெரும் சிலையின் வார்ப்புப் பிரதி ஒன்று நிற்கும். அதைப் பார்த்து வியந்து நேரத்தைக் கழிக்க வேண்டாம், அசல் மேலே காத்திருக்கிறது.

எவ்வளவு நேரம் வேண்டும்? எங்கே தொடங்குவது?

குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். தரைத்தளத்தில் ஃபர்னேசே பளிங்குச் சிலைகளும், இடைத்தளத்தில் மொசைக்குகளும் 'ரகசிய அறை'யும், அதற்கு மேல்தளத்தில் சுவரோவியங்களும் ஹெர்குலேனியத்தின் 'பப்பைரஸ் மாளிகை' வெண்கலங்களும் இருக்கின்றன. கீழே எகிப்தியப் பிரிவும் உண்டு; நேரம் குறைவாக இருந்தால் நான் முதலில் விடச் சொல்வது அதைத்தான்.

பெரும்பாலோர் தரைத்தளத்திலேயே சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு, மேலே போகும்போது கால் வலியோடு ஓவியங்களை ஓட்டமாகப் பார்த்து முடிக்கிறார்கள். அதனால் நான் தலைகீழாக, மேல்தளத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவேன். சிறிய, நுணுக்கமான பொருட்களைக் கண் களைக்கும் முன் பார்த்துவிட வேண்டும். மூன்று மீட்டர் உயர ஹெர்குலிஸ் களைத்த கண்ணுக்கும் தெரிவார்.

நடுவில் பசித்தால் என்ன செய்வது? சோறு கிடைக்குமா?

நேப்பிள்ஸில் இலங்கையர் பெருமளவில் வாழ்கிறார்கள். அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அவர்களுடைய கடைகளும் சிறு உணவகங்களும் இருப்பதால் சோறும் கறியும் கண்டுபிடிப்பது கடினமில்லை. பீட்சாவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெரிய பைகளை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் கட்டுச்சோற்று மூட்டையோடு வர வேண்டாம்.

நாங்கள் பொம்பெயிக்கே போகிறோம். பிறகு இது எதற்கு?

பொம்பெயியில் நீங்கள் பார்ப்பது தெருக்கள், சுவர்கள், அடுப்புகள், தண்ணீர்த் தொட்டிகள். அந்த வீடுகளின் நடுச்சுவரில் இருந்த படமும், தரையில் பதித்திருந்த மொசைக்கும், தோட்டத்தில் நின்ற வெண்கலச் சிலையும் பலவும் நேப்பிள்ஸில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்ப்பது, காலிசெய்த வீட்டையோ வீட்டை விட்டு வெளியேறிய சாமான்களையோ தனியாகப் பார்ப்பது போன்றது.

முதலில் பொம்பெயி, மறுநாள் அருங்காட்சியகம் என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். நேப்பிள்ஸிலிருந்து வெசூவியஸைச் சுற்றிப் போகும் உள்ளூர் ரயிலில் பொம்பெயிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 'ஃபான் வீடு' எனப்படும் மாளிகையின் வெற்றுக் கூடத்தில் நின்று அதன் அளவை உணர்ந்தவர்களுக்கு, அந்தக் கூடத்தின் தரையையே மறுநாள் சுவரில் நிமிர்ந்து நிற்கக் காணும்போது ஏற்படும் உணர்வு வேறு. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் எதையும் பார்க்காமல் திரும்புவார்கள்.

பெயர்ப்பலகையில் உள்ளதை எப்படிப் புரிந்துகொள்வது?

பல இடங்களில் ஆங்கிலமும் இருக்கும். சில பழைய பலகைகளில் இத்தாலிய மொழி மட்டுமே இருக்கும். நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். 'செகோலோ' என்றால் நூற்றாண்டு. அதன் சுருக்கத்துக்கு முன் ரோமன் எண் நிற்கும். 'அவந்தி கிறிஸ்தோ' என்பதன் சுருக்கம் கி.மு.வையும், 'தோப்போ கிறிஸ்தோ' என்பதன் சுருக்கம் கி.பி.யையும் குறிக்கும். 'கோப்பியா' என்றால் பிரதி.

கடவுளரின் பெயர்களுக்கும் இதே உத்தி உதவும். கிரேக்கரின் சியூஸ் ரோமானியரின் ஜூபிட்டர், அஃப்ரோடைட்டி வீனஸ், ஆர்ட்டெமிஸ் டயானா, ஹெராக்ளீஸ் ஹெர்குலிஸ். இவர்களைப் பெயரால் அன்றிக் கையில் உள்ள பொருளால் அடையாளம் காண்பது நமக்குப் பழகிய வழிதான்: வேலைப் பார்த்தால் முருகன் என்று சொல்வதைப் போல, இங்கே கதாயுதமும் சிங்கத்தோலும் இருந்தால் ஹெர்குலிஸ்.

இவை கிரேக்கச் சிலைகளா, ரோமானியச் சிலைகளா? 'பிரதி' என்றால் போலி என்று பொருளா?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. கிரேக்கச் சிற்பிகள் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளில் செய்த புகழ்பெற்ற சிலைகளுள் பல வெண்கலத்தால் ஆனவை. வெண்கலத்தை உருக்கினால் காசாகவும் கருவியாகவும் பயன்படும் என்பதால் பிற்காலத்தார் அவற்றைப் பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே ரோமானியச் செல்வந்தர்கள் அவற்றைப் பளிங்கில் நகலெடுத்துத் தங்கள் மாளிகைகளிலும் குளியல்மனைகளிலும் நிறுத்தியிருந்தார்கள். எனவே 'பிரதி' என்று எழுதியிருக்கும் சிலையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானதுதான். பல சமயங்களில் மூலம் எப்படி இருந்தது என்று அறிய அது ஒன்றே வழி.

பிரதியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. சிலையின் காலோடு ஒட்டி, காரணமே இல்லாமல் ஒரு மரக்கட்டை நிற்கும். உள்ளீடற்ற வெண்கலம் இரண்டு கால்களில் நிற்கும். கனமான பளிங்கு நின்றால் கணுக்கால் முறியும், ஆகவே முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கச் சிற்பி பொலிக்லெய்ட்டஸ் கி.மு. 440 வாக்கில் வெண்கலத்தில் வடித்த 'ஈட்டி ஏந்தியவன்' சிலையின் பளிங்குப் பிரதி, பொம்பெயியில் கிடைத்தது, இங்கே இருக்கிறது. வலது காலருகே அந்தக் கட்டையைப் பாருங்கள். அதே சிலையின் தலையை மட்டும் ஏதென்ஸைச் சேர்ந்த அப்பொல்லோனியஸ் என்பவர் வெண்கலத்தில் செய்து பெயர் பொறித்த பிரதியும், ஹெர்குலேனியத்தில் கிடைத்து, இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடிக்கற்றைகளின் கூர்மையைப் பளிங்கிலும் வெண்கலத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தால், நகலெடுக்கும்போது எது தப்பியது, எது நழுவியது என்பது விளங்கும்.

மூக்கும் கையும் முழுசாக இருக்கும் சிலைகளை நம்பலாமா?

நம்ப வேண்டாம், உற்றுப் பாருங்கள். மண்ணிலிருந்து முழு மூக்கோடு வெளிவரும் சிலை அரிது. 16-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை, உடைந்த சிலையை அப்படியே வைப்பது அழகற்றது என்று கருதி, இல்லாத உறுப்புகளைப் புதிதாகச் செதுக்கி ஒட்டினார்கள். ஃபர்னேசே சிலைகள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு வந்த காலத்தில் கார்லோ அல்பசினி என்ற சிற்பி பலவற்றைச் சீரமைத்தார். மணிக்கட்டு, கழுத்து, முழங்கால் ஆகிய இடங்களில் மெல்லிய கோடு ஓடுகிறதா, அதற்கு இருபுறமும் கல்லின் நிறம் மாறுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

இதற்குச் சிறந்த கதை ஹெர்குலிஸுடையது. 1546-இல் ரோமில் கரகல்லா குளியல்மனையின் இடிபாடுகளில் அவர் கிடைத்தபோது கால்கள் இல்லை. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதுக் கால்கள் செய்து பொருத்தினார். பின்னர் அசல் கால்கள் கிடைத்தும், புதியவை பழையவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்று காட்டுவதற்காக அவற்றையே விட்டுவைத்தார்கள். அப்படிச் சொன்னவர் மைக்கேலாஞ்சலோ என்பது வழிவழியாக வரும் பேச்சு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அசல் கால்கள் உடலோடு சேர்ந்தன.

அவரை முன்னால் நின்று படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முன்புறம் தெரிவது, சிங்கத்தோல் போர்த்திய கதாயுதத்தின் மேல் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்ட ஒரு களைத்த பலசாலி. இவ்வளவு வலிமை உள்ளவர் ஏன் இப்படிச் சோர்ந்திருக்கிறார் என்பதற்கு விடை பின்புறம் இருக்கிறது: முதுகுக்குப் பின்னால் மடக்கிய வலது கையில், உலகின் விளிம்பிலிருந்து கொண்டுவந்த ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்து ஆப்பிள்கள். சிற்பி நம்மைச் சுற்றிவர வைக்கிறார்.

எல்லாச் சிலைகளும் ஏன் வெள்ளையாக இருக்கின்றன?

அவை வெள்ளையாக இருக்கவில்லை, வண்ணம் பூசப்பட்டிருந்தன. மண்ணுக்குள் கிடந்ததாலும் பிற்காலத்தில் தேய்த்துக் கழுவியதாலும் வண்ணம் போனது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. ஐரோப்பியருக்குத்தான் இதை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. 1760-இல் பொம்பெயியில் கிடைத்த ஆர்ட்டெமிஸ் சிலையின் கூந்தலிலும் ஆடை விளிம்பிலும் வண்ணத் தடயங்கள் இன்றும் உள்ளன. பொம்பெயியின் சிறிய வீனஸ் சிலை ஒன்றின் மார்பிலும் இடையிலும் பொன்பூச்சால் வரைந்த அணி, மெல்லிய கச்சை போலத் தெரியும்.

அப்பா அம்மாவோடும் குழந்தைகளோடும் போகிறோம். நிர்வாணச் சிலைகளும் அந்த 'ரகசிய அறை'யும் சங்கடமாக இருக்காதா?

கிரேக்க இளைஞர்கள் ஆடையின்றியே உடற்பயிற்சி செய்தார்கள்; 'ஜிம்னேசியம்' என்ற சொல்லே ஆடையின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. வீரனையும் கடவுளையும் அப்படிக் காட்டுவது அவர்களுடைய மரபு. ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். என்னோடு வந்த பெரியவர்கள் யாரும் பத்தாவது சிலைக்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ரகசிய அறை வேறு விஷயம். பொம்பெயியிலும் ஹெர்குலேனியத்திலும் கிடைத்த பாலுறவுக் காட்சிகளையும் ஆண்குறி வடிவப் பொருட்களையும் 1819-இல் தனி அறையில் ஒதுக்கினார்கள். அரசியல் காற்று மாறும்போதெல்லாம் அறை திறந்தும் மூடியும், ஒரு காலத்தில் வாசலே சுவரெழுப்பி அடைக்கப்பட்டும் இருந்தது. 2000-ஆம் ஆண்டில்தான் பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். தனியான அறை என்பதால் வேண்டாதவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடலாம். உள்ளே இருப்பவை எல்லாம் காமத்துக்காகச் செய்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மணிகள் கட்டித் தொங்கவிட்ட ஆண்குறி உருவங்கள் கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் கண்ணேறு கழிக்கத் தொங்கியவை. நம் வாசல் பூசணிக்காய்க்கு இருந்த வேலைதான் அவற்றுக்கும்.

அலெக்சாந்தர் மொசைக்கில் அப்படி என்ன இருக்கிறது?

மேலே சொன்ன ஃபான் வீட்டின் தரையில் 1831-இல் கண்டெடுத்தது. 5.82 மீட்டர் அகலம், 3.13 மீட்டர் உயரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு கற்கள். பாரசீக மன்னன் மூன்றாம் தாரியஸை அலெக்சாந்தர் எதிர்கொள்ளும் போர்க்காட்சி, கி.மு. 333-இல் நடந்த இஸ்ஸஸ் போர் என்று பலர் கருதுகிறார்கள். இடப்பக்கம் பெரும்பகுதி சிதைந்திருந்தாலும் தலைக்கவசமின்றிப் பாய்ந்து வரும் அலெக்சாந்தரின் அகன்ற கண் தப்பித்திருக்கிறது.

எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தாரியஸின் தேருக்குக் கீழே பாருங்கள். விழுந்து கிடக்கும் பாரசீகன் ஒருவன், தன்மேல் ஏறவிருக்கும் சக்கரத்தின் முன்னால் ஒரு கேடயத்தைப் பற்றியிருக்கிறான். பளபளக்கும் அந்தக் கேடயத்தில் அவன் முகமே அவனுக்குத் தெரிகிறது. சாகும் நொடியில் தன் முகத்தைத் தானே பார்ப்பவனை, கற்களை அடுக்கி, அதுவும் காலால் மிதிக்கும் தரையில் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பிட்டத்தைக் காட்டித் திமிறும் குதிரையின் உடல் வளைவையும் கவனியுங்கள். 2021-இல் இதன் சீரமைப்புப் பணி தொடங்கியதால், பார்வைக்கு இருக்கிறதா என்று முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இப்போது பொம்பெயியில் தரையில் கிடப்பது 2005-இல் பதித்த பிரதி.

சுவரோவியங்களை ஏன் வெட்டி எடுத்து வந்தார்கள்? அது அழிப்பு வேலை இல்லையா?

இன்றைய அளவுகோலில் அழிப்பு வேலைதான். 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸை ஆண்ட புர்போன் மன்னர்களுக்கு வேண்டியிருந்தது அரண்மனைக்கு அழகான படங்கள். நடுவிலிருந்த காட்சியை வெட்டியெடுத்துச் சட்டமிட்டு, சுற்றியிருந்த சுவரை அப்படியே விட்டார்கள். ஆனால் இடத்திலேயே விட்ட பல ஓவியங்கள் வெயிலிலும் மழையிலும் மங்கிப்போயின என்பதும் உண்மை. இரண்டில் எது குறைந்த தீங்கு என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

தெரெந்தியஸ் நியோவும் அவர் மனைவியும் இருக்கும் படத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். ரொட்டிக்கூடம் இணைந்த ஒரு வீட்டில் கிடைத்தது. கணவர் கையில் சுருளேடு. மனைவி கையில் மெழுகுப் பலகை, எழுத்தாணியின் முனை அவள் மோவாயைத் தொடுகிறது, ஏதோ கணக்கு யோசிப்பது போல. அவள் அவருக்குப் பின்னால் ஒளியவில்லை, அரை அடி முன்னால் நிற்கிறாள். அருகிலேயே தேட வேண்டிய இன்னொன்று, கி.பி. 59-இல் பொம்பெயி வட்டரங்கில் உள்ளூர்க்காரர்களுக்கும் நுக்கேரியா ஊரார்க்கும் மூண்ட கலவரத்தின் ஓவியம்; அதன் விளைவாக அங்கே பத்து ஆண்டுகளுக்கு வாள்வீரர் போட்டிகள் தடைசெய்யப்பட்டன.

மன்னர், கடவுள் தவிரச் சாதாரண மனிதர்கள் எங்கே?

ஹெர்குலேனியத்தில் கரியாகிக் கிடைத்த ஒரு ரொட்டி இந்த அருங்காட்சியகத்துக்கு உரியது. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்குக் கீறல் போட்டது. அதன் மேல் முத்திரை: குவிந்தஸ் கிரானியஸ் வெருஸின் அடிமை கெலெர் என்பவனுடையது. ஒரு நாள் காலையில் சுட்ட ரொட்டியோடு ஓர் அடிமையின் பெயரும் தங்கிவிட்டது.

'பொம்பெயி லட்சுமி' தமிழ்நாட்டிலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா?

1938-இல் பொம்பெயியின் முதன்மைத் தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் கிடைத்த, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள தந்தச் சிலை அது. கி.பி. 79-க்கு முன்பே இந்தியாவிலிருந்து இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிப்பகுதியில் உள்ள எழுத்து இந்தியாவின் வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி. அதையொத்த தந்த உருவம் கிடைத்தது மகாராஷ்டிரத்தின் போகர்தனில். எனவே தமிழகத்தில் செய்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

லட்சுமியா என்பதும் ஐயத்துக்குரியது. தாமரையோ யானைகளோ இல்லை. இருபுறமும் ஒப்பனைப் பொருட்களை ஏந்திய சிறு தோழியர் நிற்கிறார்கள். யட்சியின் உருவமாக இருக்கலாம் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. தலையிலிருந்து கீழ்நோக்கித் துளையிட்டிருப்பதால், கண்ணாடிக் கைப்பிடியாகவோ சிறு மேசையின் காலாகவோ பயன்பட்டிருக்கும் என்கிறார்கள். நெற்றிச்சுட்டியும் கைநிறைய வளையல்களும் நம் வீட்டுப் பெண்களை நினைவூட்டுவதால் எழும் பற்றை நான் குறை சொல்லவில்லை.

இந்தச் சிலைகள் ரோமுக்குச் சொந்தமில்லையா?

ஃபர்னேசே தொகுப்பைப் பற்றி ரோமானியர்கள் இன்றும் குறைப்படலாம். 1534 முதல் 1549 வரை போப்பாக இருந்த மூன்றாம் பவுல் ஃபர்னேசே குடும்பத்தவர். கரகல்லா குளியல்மனையைத் தோண்டவைத்தவர் அவரே. குடும்பத்தின் கடைசி வாரிசான எலிசபெத்தா ஃபர்னேசேயின் மகன் சார்லஸ் நேப்பிள்ஸின் மன்னரானார். தொகுப்பு அவர் வழியாக அவருடைய மகன் ஃபெர்டினாந்துக்கு வந்தது. 1780-களின் பிற்பகுதியில் சிலைகளை ரோமிலிருந்து பெயர்த்தபோது அன்றைய போப் எதிர்த்தும் பயனில்லை. சட்டப்படி பரம்பரைச் சொத்து. நியாயப்படி என்னவென்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

அப்படியானால் தமிழகத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கிறது, சிலையில் அல்ல, மிளகிலும் மதுச்சாடியிலும். யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிறது. மறுகரையில் அதே வணிகத்தைப் பற்றிப் புலம்பியவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி: இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சுகிறது என்று எழுதினார், கருமிளகு ஒரு ராத்தலுக்கு நான்கு தெனாரியஸ் நாணயங்கள் என்று விலையும் குறித்தார். அவர் நேப்பிள்ஸ் வளைகுடாவின் மிசேனம் துறையில் கடற்படைத் தலைவராக இருந்தவர். வெசூவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலோடு போய் அங்கேயே இறந்தார்.

அருங்காட்சியகத்தில் கூர்மையான அடியும் இரட்டைக் காதும் கொண்ட மதுச்சாடிகளைக் காணும்போது, பளபளப்பு இல்லை என்று ஒதுக்காமல், ஓட்டின் உடைந்த விளிம்பைப் பாருங்கள். இப்பகுதிச் சாடிகளின் மண்ணில் கருமணல் துகள்கள் மினுக்கும்; எரிமலை கொடுத்த மணல் அது. அதே கருந்துகள்கள் உள்ள சாடித் துண்டுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேட்டுப் பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.